மாந்தோப்புப் பொறி பாகல் பந்தலில் ஏன் வேலை செய்வதில்லை?

[காட்சி: சேலம் மாந்தோப்பு. கிளையில் தொங்கும் பிளாஸ்டிக் பொறி, அடியில் குவிந்து கிடக்கும் ஈக்கள்]

வணக்கம். இந்தப் பொறிக்குள் இருப்பது, ஆண் ஈக்களை இழுக்கும் மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருளில் ஊறவைத்த ஒரு சின்ன மரக்கட்டை. மாம்பழ ஈக்கள் இதில் கொத்துக்கொத்தாக வந்து விழும். இதையே கழற்றிப் பாகல் பந்தலில் கட்டுங்கள். அங்கே காயைக் குத்துகிற ஈ இதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

காரணம், அது வேறு இனம். மா, கொய்யாவைத் தாக்குபவை பாக்ட்ரோசெரா டார்சாலிஸ், கரெக்டா, சொனாட்டா. இவற்றுக்கு மெத்தில் யூஜினால். பாகல், பீர்க்கன், புடலையைக் கெடுப்பது சியூகோடேக்கஸ் குக்கர்பிட்டே. அதற்குக் கியூ லூர் என்ற வேறொரு கவர்ச்சிப் பொருள் வேண்டும்.

[காட்சி: இரண்டு ஈக்கள் அருகருகே, பெரிதாக்கிய படம்]

கண்ணாலேயே பிரிக்கலாம். டார்சாலிஸுக்கு முதுகு கறுப்பு, வயிற்றில் கறுப்பாக ஆங்கில ‘T’ எழுத்துப் போல ஒரு கோடு, இறக்கை பெரும்பாலும் தெளிவு. பாகல் ஈக்குச் செம்பழுப்பு முதுகில் மூன்று மஞ்சள் கோடுகள், இறக்கையில் பழுப்புத் திட்டுகள்.

[காட்சி: துளசிச் செடி, இலையில் ஈக்கள்]

இந்தக் கவர்ச்சி தெரிய வந்ததே நம் நாட்டில்தான். பீகாரின் பூசாவில் வேலை செய்த பூச்சியியலாளர் ஹவ்லெட், சிட்ரனெல்லா என்ற வாசனைப் புல்லின் எண்ணெய்க்கு ஆண் ஈக்கள் வருவதை 1912-ல் எழுதினார். இழுக்கும் பொருள் மெத்தில் யூஜினால் என்று 1915-ல் காட்டினார். துளசியிலும் அது இருக்கிறது. வீட்டுத் துளசியைக் காலை நேரத்தில் உற்றுப் பாருங்கள், இலையை நக்கிக்கொண்டு ஆண் ஈக்கள் உட்கார்ந்திருக்கலாம்.

பெண் ஈயின் வாசனை என்று நினைத்துத்தான் ஆண் ஏமாறுகிறது என்று பலர் சொல்வார்கள். அப்படியில்லை. ஆண் அதைத் தின்னத்தான் வருகிறது. தின்றதை உடலுக்குள் வேறு பொருளாக மாற்றி, மலக்குடல் சுரப்பியில் சேர்த்து வைக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் அதைக் காற்றில் விடுகிறது. அந்த வாசனைக்குத்தான் பெண் வருகிறது. மெத்தில் யூஜினால் தின்ற ஆணுக்கே ஜோடி எளிதில் கிடைக்கிறது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். தின்பது ஒரே பொருளாக இருந்தாலும், மாற்றுவது இனத்துக்கு இனம் வேறு. டார்சாலிஸ் ஒரு பீனாலும் கோனிஃபெரில் ஆல்கஹாலும் என இரண்டு பொருள் செய்கிறது. அதன் நெருங்கிய சொந்தமான காரம்போலே கோனிஃபெரில் ஆல்கஹாலை மட்டும் செய்கிறது. உருவத்தில் இவற்றைப் பிரிப்பது நிபுணருக்கே கஷ்டம். தனி இனங்களாகக் கருதப்பட்ட, ஆப்பிரிக்காவில் பரவிய இன்வாடென்ஸ், தென்கிழக்கு ஆசியாவின் பப்பாயே இரண்டும் டார்சாலிஸ்தான் என்று 2015-ல் ஒன்றாக்கினார்கள். அதற்குச் சொன்ன சான்றுகளில் இந்த வாசனைப் பொருளும் ஒன்று. காரம்போலே தனி இனமாகவே நின்றது.

[காட்சி: ஏற்காடு. காப்பிச் செடிகளுக்கு நடுவே கொய்யா, ஆரஞ்சு மரங்கள்]

சரி, தோட்டத்துக்கு வருவோம். பொறியில் விழுவது ஆண் மட்டும். மிஞ்சிய ஒரு ஆண் பல பெண்களோடு சேரும், ஏற்கெனவே சேர்ந்த பெண்ணோ முட்டையிட்டுக்கொண்டேதான் இருக்கும். அதனால் காய் முற்றுவதற்கு முன்பே, அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து கட்ட வேண்டும். பசிபிக்கின் ரோட்டா தீவில் இப்படித் தீவு முழுக்கச் செய்து டார்சாலிஸை அடியோடு ஒழித்ததை 1965-ல் பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்காடு தீவு இல்லை. கொல்லைப்புறக் கொய்யா மரம் ஒன்று விடுபட்டாலும் அங்கிருந்து ஈ பெருகி வரும்.

மாவும் பாகலும் சேர்ந்திருக்கிற தோட்டமா? மெத்தில் யூஜினால், கியூ லூர் இரண்டையும் தனித்தனிப் பொறியில் வையுங்கள்.

[காட்சி: மரத்தடியில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கும் கைகள்]

பெண்ணைப் பிடிக்க வேறு வழி. முட்டை வளர அதற்குப் புரதம் வேண்டும், அதனால் புரத இரைப் பொறிக்கு வரும். அப்புறம் உதிர்ந்த பழம். அதற்குள் இருக்கும் புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள், மரத்தடியில் அழுக விடாதீர்கள்.