48 நம்பர் கேட்டு உலகத்தையே நிறுத்தின நாள்! ஆபீஸ் கம்ப்யூட்டர்ல என்கிரிப்ஷனும் அப்டேட்டும் முட்டிக்கிட்டா என்ன ஆகும்?

[திரையில்: நீல நிற ரெக்கவரி திரை, நடுவுல காலியா ஒரு பெட்டி]

இந்தத் திரையை நல்லாப் பாத்துக்கோங்க. இது வழக்கமான ப்ளூ ஸ்கிரீன் இல்ல, அதுக்கு அண்ணன். ப்ளூ ஸ்கிரீன் வந்தா ரீஸ்டார்ட் பண்ணியாவது பார்க்கலாம். இது உங்ககிட்ட 48 நம்பர், அதாவது 48 இலக்கம் இருக்கிற ஒரு சாவி எண் கேட்கும். அது இல்லேன்னா லேப்டாப் மட்டும்தான் உங்களுது. உள்ள இருக்கிற கணக்கு, கஸ்டமர் லிஸ்ட், சம்பளப் பட்டியல் எதையும் தொட முடியாது. மைக்ரோசாஃப்ட்டுக்குப் போன் போட்டுக் கெஞ்சினாலும் அந்த நம்பரை அவங்களால புதுசா உருவாக்கித் தர முடியாது.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. உலகம் முழுக்க ஐடி ஆளுங்க இந்தத் திரை முன்னாடி உட்கார்ந்து நம்பர் நம்பரா அடிச்சிட்டிருந்தாங்க. ஆனா ஆஸ்திரேலியாவுல ஒரு ஆபீஸ்ல கடை கவுண்டர்ல பில் போடுற பார்கோட் ஸ்கேனரை எடுத்து "பீப்... பீப்..."னு வேலையை முடிச்சிட்டுப் போயிட்டாங்க. எப்படின்னு சொல்றேன், இந்த வீடியோவே அதுக்குத்தான். அதுக்கு முன்னாடி கொஞ்சம் போரடிக்கிற பகுதி இருக்கு. வேகமா ஓட்டிடறேன், ஸ்கிப் பண்ணிடாதீங்க.

என்கிரிப்ஷன்னா டிஸ்க்ல இருக்கிறதை எல்லாம் சாவி இல்லாம படிக்க முடியாதபடி மாத்தி வைக்கிறது. விண்டோஸ்ல அதுக்குப் பேரு பிட்லாக்கர், விஸ்டா காலத்துலேர்ந்து இருக்கு. லேப்டாப் ரயில்ல தொலைஞ்சு, எடுத்தவன் டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டினாலும் அவனுக்கு ஒண்ணும் கிடைக்காது. சாவியை மதர்போர்டுல இருக்கிற டிபிஎம்னு ஒரு சிப் பாத்துக்கும். அவ்வளவுதான், போரடிச்ச பகுதி முடிஞ்சது.

இந்த டிபிஎம் இருக்கே, அது ரொம்ப விசுவாசமான பழைய வாட்ச்மேன் மாதிரி. தினமும் காலையில முதலாளி முகத்தைப் பார்த்து, அடையாளம் தெரிஞ்சா கேட்டைத் திறக்கும். முகம்னு நான் சொல்றது மெஷின் பூட் ஆகிற, அதாவது ஸ்டார்ட் ஆகிற முறை: ஃபர்ம்வேர் (மதர்போர்டுக்குள்ளயே இருக்கிற சாஃப்ட்வேர்), பூட் லோடர் (விண்டோஸை எழுப்பிவிடுற புரோகிராம்), செக்யூர் பூட் (நம்பகமானதை மட்டும் ஸ்டார்ட் ஆக விடுற) செட்டிங் எல்லாம் நேத்து இருந்த மாதிரியே இருக்கான்னு அளந்து பார்க்கும். ஒருநாள் முதலாளி மீசையை எடுத்துட்டு வர்றார். வாட்ச்மேன், "யாருய்யா நீ? அடையாள அட்டையைக் காட்டு"ன்றான். மீசையை எடுத்தது பயாஸ் அப்டேட், அதாவது அந்த ஃபர்ம்வேரோட அப்டேட். அடையாள அட்டைதான் அந்த 48 நம்பர். வாட்ச்மேன் மேல தப்பே இல்ல, திருடனும் இப்படித்தான் முகத்தை மாத்திட்டு வருவான்.

[திரையில்: விமான நிலையத்துல கையால எழுதின போர்டிங் பாஸ்]

இப்போ ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு பெரிய அமெரிக்க செக்யூரிட்டி கம்பெனி. அவங்களோட ஃபால்கன் சாஃப்ட்வேர் விண்டோஸோட மையப் பகுதியான கெர்னல் வரைக்கும் போய் உட்கார்ந்து காவல் காக்கும். நம்ம நேரப்படி காலை 9:39-க்கு அவங்க ஒரு சின்ன கன்டென்ட் ஃபைல் (எதையெல்லாம் கண்காணிக்கணும்னு சாஃப்ட்வேருக்குச் சொல்ற ஃபைல்) அனுப்பினாங்க. சாஃப்ட்வேருக்குள்ள 20 இன்புட்டுக்குத்தான் இடம் இருந்தது, புது ஃபைல் 21-வதைத் தேடுச்சு. கெர்னல்ல அந்த மாதிரி இல்லாத இடத்துல கை வச்சா விண்டோஸ் அப்படியே படுத்துடும், படுத்துச்சு. 78 நிமிஷத்துல அவங்களே ஃபைலை வாபஸ் வாங்கிட்டாங்க. அதுக்குள்ள மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் மெஷின் விழுந்தாச்சு. உலகத்துல இருக்கிற விண்டோஸ் மெஷின்ல இது ஒரு சதவீதம்கூட இல்ல. ஆனா அதுல ஏர்லைன்ஸ், ஆஸ்பத்திரி, பேங்க் எல்லாம் இருந்தது! நம்ம நாட்டு ஏர்போர்ட்லயே பேனா எடுத்து போர்டிங் பாஸ் எழுதினாங்க, ஞாபகம் இருக்கா?

இதுல எனக்கு ரொம்பக் கடுப்பான விஷயம் ஒண்ணு உண்டு. சில கம்பெனிகள் உஷாரா, "எங்களுக்குப் புது வெர்ஷன் உடனே வேணாம், ஒரு வெர்ஷன் பின்னாடியே இருக்கோம்"னு செட்டிங் வச்சிருந்தாங்க. அவங்களும் விழுந்தாங்க. ஏன்னா அந்த செட்டிங் சாஃப்ட்வேர் வெர்ஷனுக்கு மட்டும்தான். கன்டென்ட் ஃபைல் எல்லாருக்கும் ஒரே நேரத்துல போயிடும். அதையும் படிப்படியா வாங்கிக்கிற வசதியை, எல்லாம் முடிஞ்ச பிறகுதான் கொடுத்தாங்க.

சரி, சரிபண்றது எப்படி? காமெடியான அளவுக்கு சுலபம். சேஃப் மோடுல (அத்தியாவசியமானதை மட்டும் வச்சு விண்டோஸ் எழுந்திருக்கிற முறை) போ, ஒரு ஃபைலை டெலிட் பண்ணு, ரீஸ்டார்ட் பண்ணு. ரெண்டு நிமிஷ வேலை. ஆனா டிஸ்க்ல பிட்லாக்கர் போட்டிருந்தா பெரும்பாலும் அங்கேயே நம்ம வாட்ச்மேன் நிப்பான். "48 நம்பர் சொல்லு."

நம்பர் எங்க இருக்கு? சில ஆபீஸ்ல ஆக்டிவ் டைரக்டரி சர்வர்ல, அதாவது ஆபீஸோட எல்லா யூசர், மெஷின் விவரமும் இருக்கிற சர்வர்ல பத்திரமா இருக்கு. அந்த சர்வர் எங்க? அதுவும் விழுந்து கிடக்கு. அந்த சர்வர் டிஸ்க்குக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தா... நான் சிரிக்கக் கூடாது, அன்னைக்கு அங்க நின்னவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

சரி, நம்பர் கிடைச்சிடுச்சுன்னே வச்சுக்குவோம். அதை அடிக்கணுமே! காப்பி பேஸ்ட் கிடையாது, விண்டோஸே இன்னும் எழுந்திருக்கலையே. வீட்டுலேர்ந்து வேலை பார்க்கிற அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு ஐடி தம்பி போன்ல படிக்கிறார். "நாலு நாலு ஒண்ணு மூணு அஞ்சு மூணு..." "தம்பி, ஒண்ணுக்கு அப்புறம் என்ன சொன்ன?" இப்படி ஒரு ஆளுக்கு 48 இலக்கம்னா, நூறு ஆளுக்கு 4,800.

[திரையில்: பார்கோட், பக்கத்துல "பீப்" சத்தம்]

இங்கதான் நம்ம ஸ்கேனர் ஹீரோவா என்ட்ரி கொடுக்கிறார். கிராண்ட் தார்ன்டன் ஆஸ்திரேலியாங்கிற கணக்கு நிறுவனத்துல ஒரு சிஸ்டம்ஸ் இன்ஜினியருக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு: யுஎஸ்பி பார்கோட் ஸ்கேனர், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் ஒரு கீபோர்டு. அது கோட்டைப் படிச்சு, கீபோர்டுல அடிச்ச மாதிரி எழுத்துகளை அனுப்பும், அவ்வளவுதான். விண்டோஸ் எழுந்திருக்காட்டியும் பரவாயில்ல, ரெக்கவரி திரைக்குக் கீபோர்டு தெரியுமே! ஒவ்வொரு மெஷினோட ரெக்கவரி கீயையும் (அந்த 48 நம்பருக்கு அதுதான் பேரு) பார்கோடா மாத்தி ஸ்க்ரீன்ல காட்டினாங்க. பீப். 48 இலக்கமும் தப்பில்லாம உள்ள. அடுத்த மெஷின். பீப். லட்சக்கணக்குல கொட்டி வாங்கின செக்யூரிட்டி டூல் படுத்துக்கிடக்கும்போது, பில்லிங் கவுண்டர் சாமான் வந்து காப்பாத்துது பாருங்க, இதுக்கு ஒரு லைக் போடலாம்ல?

இந்த 48 நம்பருக்குள்ள ஒரு அழகு ஒளிஞ்சிருக்கு. பத்தாம் கிளாஸ் கணக்கு பிடிக்காதவங்ககூட ரெண்டு நிமிஷம் இருங்க. 48 இலக்கமும் ஆறு ஆறா எட்டு குரூப்பா இருக்கும். ஒவ்வொரு குரூப்பும் 11-ஆல மிச்சமில்லாம வகுபடும்! நம்பிக்கை இல்லையா? உங்க கீயை எடுத்து ஏதாவது ஒரு குரூப்பை 11-ஆல வகுத்துப் பாருங்க. இன்னொண்ணு, எந்தக் குரூப்பும் 720885-ஐத் தாண்டாது. ஏன்னா உள்ள இருக்கிறது 16 பிட் எண், அதிகபட்சம் 65535. அதை 11-ஆல பெருக்கினா 720885. எட்டு குரூப், ஆளுக்கு 16 பிட், மொத்தம் 128 பிட். கணக்கு சுத்தமா உட்காருது.

எதுக்கு 11? நம்ம போன் தம்பிக்காகத்தான். அவர் படிச்ச 441353-ஐ எடுத்துக்கோங்க. ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டிக் கழிங்க: 4 கழித்தல் 4, கூட்டல் 1, கழித்தல் 3, கூட்டல் 5, கழித்தல் 3. பூஜ்யம். பூஜ்யம் வந்தா 11-ஆல வகுபடும். இப்போ அக்கா அவசரத்துல கடைசி ரெண்டையும் மாத்தி 441335-ன்னு அடிச்சிட்டாங்க. மறுபடி கூட்டிக் கழிச்சா மைனஸ் 4. மாட்டிக்கிச்சு! ஒரு இலக்கம் தப்பானாலும் சரி, பக்கத்துப் பக்கத்து இலக்கம் ரெண்டு இடம் மாறினாலும் சரி, 11 விடாது. மனுஷன் டைப் பண்ணும்போது அடிக்கடி பண்ற தப்பு இந்த ரெண்டும்தான். எந்தக் குரூப்புல தப்புன்னும் தெரிஞ்சிடும், 48-ஐயும் முதல்லேர்ந்து அடிக்க வேண்டாம். பதினோரு வயசுல படிச்ச 11-ஆம் வாய்ப்பாடு என்னத்துக்குன்னு கேட்டவங்களுக்கு இதோ பதில்.

சரி சரி, மெயின் விஷயத்துக்கு வர்றேன்.

இதைப் பார்த்துட்டு "அப்போ அப்டேட்டை ஆஃப் பண்ணிடலாம் ப்ரோ"ன்னு கமெண்ட் போடப் போறவங்களுக்கு ஒரே ஒரு பேர்: வானாக்ரை. ஃபைலை எல்லாம் பூட்டி வச்சுப் பணம் கேட்ட வைரஸ். 2017 மார்ச் 14 அன்னைக்கே அது நுழையற ஓட்டையை அடைக்கிற பேட்சை, அதாவது அப்டேட்டை, மைக்ரோசாஃப்ட் கொடுத்துடுச்சு. வைரஸ் வந்தது மே 12. நடுவுல 59 நாள்! இங்கிலாந்தோட அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ல, ஆஸ்பத்திரிகளை நடத்துற 236 டிரஸ்ட்ல குறைஞ்சது 80 பாதிச்சது. அதுவும் பெரும்பாலும் பழைய எக்ஸ்பி இல்ல, பேட்ச் போடாம விட்ட விண்டோஸ் 7.

அதனால அப்டேட் வேணும், பூட்டும் வேணும். ரெண்டும் முட்டிக்கிற அன்னைக்கு நம்பர் கைல இருக்கணும். முட்டாதுன்னு நினைக்காதீங்க. கிரவுட்ஸ்ட்ரைக் கூத்து நடந்த அதே 2024 ஜூலையில, மைக்ரோசாஃப்ட்டோட சொந்த மாதாந்திர அப்டேட்டே சில மெஷின்களை பிட்லாக்கர் ரெக்கவரி திரையில கொண்டுபோய் நிறுத்துச்சு. ஆகஸ்ட் அப்டேட்லதான் சரியாச்சு.

பெரிய கம்பெனிக்கு வழி தெளிவா இருக்கு. அப்டேட்டை முதல்ல ஐடி டீம் மெஷினுக்கு விடு, ரெண்டு மூணு நாள் பாரு, அப்புறம் ஒரு டிபார்ட்மென்ட், கடைசியில எல்லாருக்கும். ரெக்கவரி கீ சர்வர்ல சேமிப்பாகிற வரைக்கும் பிட்லாக்கரே ஆன் ஆகக் கூடாதுன்னு குரூப் பாலிசியில (ஆபீஸ் மெஷின் எல்லாத்துக்கும் ஒரே இடத்துலேர்ந்து விதி போடுற வசதி) ஒரு செட்டிங் இருக்கு, அதைப் போடு. பயாஸ் அப்டேட்டுக்கு முன்னாடி பிட்லாக்கரை "சஸ்பெண்ட்" பண்ணு. சஸ்பெண்ட்னா டிஸ்க்கை முழுசா டிகிரிப்ட் பண்றது இல்ல, வாட்ச்மேனை ஒரு டீ குடிச்சிட்டு வரச் சொல்றது. வேலை முடிஞ்சதும் மறக்காம கூப்பிட்டுடணும்.

எனக்குப் பயம் எல்லாம் பத்துப் பேர் இருக்கிற சின்ன ஆபீஸ் மேலதான். அங்க ஐடி டீம் கிடையாது. புது லேப்டாப் வாங்குவாங்க. விண்டோஸ் 11 ஆன் பண்ணும்போது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கேட்கும். முதலாளிக்குப் பொறுமை இல்ல, அன்னைக்குப் புதுசா சேர்ந்த பையன் தன்னோட சொந்த அக்கவுண்ட்டைப் போட்டு முடிச்சிடுவான். இப்போ வர்ற நிறைய மெஷின்ல டிவைஸ் என்கிரிப்ஷன் தானாவே ஆன் ஆகிடும். ஹோம் எடிஷன்லயும்தான்! ரெக்கவரி கீ நேராப் போய் உட்கார்றது அந்தப் பையனோட அக்கவுண்ட்ல. ரெண்டு வருஷம் கழிச்சு அவன் சண்டை போட்டுட்டு வேலையை விட்டுப் போயிட்டான். ஒரு அப்டேட் வருது, நீலத் திரை நிக்குது. முதலாளிக்கு பிட்லாக்கர்னு ஒண்ணு இருக்கிறதே அப்போதான் தெரியும். யார்கிட்ட போய்க் கேட்பார்?

இந்த வீடியோவை நிறுத்தி வச்சிட்டு உங்க ஆபீஸ் மெஷின் ஒவ்வொண்ணுலயும் பாருங்க. செட்டிங்ஸ்ல டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனா ஆஃபா? ஆன்னா கீ யாரோட அக்கவுண்ட்ல? ஒரு பிரிண்ட் எடுத்து பத்திரங்கள் வச்சிருக்கிற பீரோவுல வைங்க. லேப்டாப் பேக்ல மட்டும் வைக்காதீங்க. ரெக்கவரி திரையில கீ ஐடின்னு ஒண்ணு காட்டும். பிரிண்ட்லயும் அதே ஐடி இருக்கும். எந்தத் தாள் எந்த மெஷினுக்குன்னு அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.

அப்புறம் விண்டோஸ் 10 வச்சிருக்கிறவங்க: 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான இலவச அப்டேட் முடிஞ்சது. கம்பெனிகள் காசு கட்டித் தொடரணும்னா முதல் வருஷம் மெஷினுக்கு 61 டாலர், அடுத்த வருஷம் இரட்டிப்பு, அதுக்கடுத்த வருஷம் அதுக்கும் இரட்டிப்பு. அந்தக் காசுல என்ன வாங்கலாம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

உங்க ஆபீஸ்ல ரெக்கவரி கீ யார்கிட்ட இருக்கு? கமெண்ட்ல சொல்லுங்க, பேர் வேணாம், பதவி போதும். 11-ஆல வகுத்துப் பார்த்தவங்களும் வந்து சொல்லுங்க. ஆனா தயவுசெஞ்சு அந்த 48 நம்பரைக் கமெண்ட்ல போட்டுடாதீங்க, நான் டெலிட் பண்றதுக்குள்ள யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்துடுவாங்க.