கம்பிக்கு இரண்டு முனை

நேயர்களுக்கு வணக்கம்.

தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு மின்கட்டமைப்புகள் ஒன்றாகச் சேரும் நொடியைக் கட்டுப்பாட்டு அறையில் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே தாளத்தில் ஓடுகிறதா என்று காட்டும் சின்கிரோஸ்கோப் என்று ஒரு மீட்டர் உண்டு. கடிகாரம் போல வட்டமாக இருக்கும், முள் ஒன்றே ஒன்றுதான். மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற அதிர்வெண் ஒரு பக்கம் 50.02 ஹெர்ட்ஸ், மறுபக்கம் 49.99 ஹெர்ட்ஸ் என்றால், முள் ஒரு சுற்று சுற்றி வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அது பன்னிரண்டை நெருங்கும்போது அறையில் யாரும் பேச மாட்டார்கள். சர்க்யூட் பிரேக்கர் மூடி இரண்டையும் இணைக்கும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு பக்கத்து ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஒரு கோடியில் ஓர் இயந்திரம் நின்றால் மறுகோடியில் இருக்கும் இயந்திரம் அதை உணரும்.

இப்படி இணைக்கலாமா, கூடாதா என்று முன்கூட்டியே எடைபோடுவதைத்தான் சாத்தியக்கூறு ஆய்வு என்கிறோம். இன்று அதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இணைப்பதால் நன்மை உண்டா என்பதுதான் முதல் கேள்வி. பொதுவாக உண்டு. ஒரு பகுதியில் காற்று வீசும் நேரத்தில் இன்னொரு பகுதியில் வீசாது. ஒரு பகுதியில் அணை நிரம்பியிருக்கும்போது இன்னொரு பகுதி காய்ந்து கிடக்கும். ஆனால் இதை ஆண்டுக் கணக்கை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒருமுறை என் மேசைக்கு வந்த ஓர் அறிக்கையில், ஒரு பக்கம் உபரி, மறுபக்கம் பற்றாக்குறை, சேர்த்தால் சரியாகிவிடும் என்று மொத்தக் கணக்கை மட்டும் போட்டிருந்தார்கள். மணி வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பற்றாக்குறை வருவது மாலை ஏழு மணிக்கு. அதே ஏழு மணிக்கு உபரிக்காரரிடமும் கொடுக்க எதுவும் இல்லை! ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அத்தனை மணிக்கும் இரண்டு பக்கத்துத் தேவையையும் உற்பத்தியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்காத அறிக்கையை ஆய்வு என்று ஏற்க எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொரு லாபம் கையிருப்பு. ஒரு கட்டமைப்பின் மிகப் பெரிய இயந்திரம் 1,000 மெகாவாட் என்றால், அது திடீரென நின்றுபோனால் ஈடுகட்ட அதே அளவு எப்போதும் தயாராக இருக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளலாம். இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. டாஸ்மேனியாவை ஆஸ்திரேலியப் பெருநிலத்தோடு இணைக்கும் கடலடி கேபிள் 2015 டிசம்பரில் பழுதானது. திரும்பச் சேர்க்க 2016 ஜூன் ஆகிவிட்டது. அணைகளில் நீர் குறைந்திருந்த காலம் வேறு. டீசல் ஜெனரேட்டர்களைக் கொண்டுவந்து வைத்துத்தான் சமாளித்தார்கள். கம்பி ஆறு மாதம் இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதும் ஆய்வுக்குள் இருக்க வேண்டும்.

அடுத்தது, ஏசியில், அதாவது மாறுமின்னோட்டத்தில் இணைப்பதா, டிசியில், அதாவது நேர்மின்னோட்டத்தில் இணைப்பதா? ஏசி இணைப்பு, இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கும் கரையை வெட்டிவிடுவது போன்றது. மின்சாரம் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொண்டு ஓடும். டிசி இணைப்பு மதகு போன்றது. எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவுதான் போகும், ஒரு பக்கத்து ஆட்டம் மறுபக்கத்துக்கு அப்படியே தாவாது. சில இடங்களில் மதகைத் தவிர வேறு வழி கிடையாது. ஜப்பானின் கிழக்குப் பகுதி 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, மேற்குப் பகுதி 60 ஹெர்ட்ஸில். 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு கிழக்கில் மின்சாரத்துக்குத் தவித்தபோது, மேற்கிலிருந்து மாற்றி அனுப்ப முடிந்தது சுமார் 1,000 மெகாவாட்தான். மதகு அவ்வளவு சிறியது.

இந்த இரண்டு வழிகளின் வித்தியாசமும் இந்தியாவில் வெளிப்படையாகத் தெரிந்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் அடுத்தடுத்துக் கட்டமைப்பு சரிந்தது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. தெற்கு விழவில்லை. மற்றப் பகுதிகளோடு அது டிசி வழியாக மட்டுமே சேர்ந்திருந்ததுதான் காரணம். அப்படியிருந்தும் பதினேழே மாதத்தில், 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தெற்கும் ஏசியில் சேர்ந்தது. தப்பித்தவர்கள் ஏன் கரையை வெட்டினார்கள் என்று அப்போது பலர் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. தெற்கில் பற்றாக்குறை கடுமையாக இருந்தது, மதகு போதவில்லை என்பது என் பதில். சேருவது சரிதான். ஆனால் இரண்டு பெரிய கட்டமைப்புகளை ஒற்றைப் பாதையால் கட்டும்போது, இரண்டு தோணிகளை மெல்லிய கயிற்றால் கட்டியது போல ஒன்றை ஒன்று இழுத்து மெதுவாக ஆடும். அந்த ஆட்டம் தானாக அடங்குமா, வளர்ந்துகொண்டே போய்க் கயிற்றை அறுக்குமா என்று கணினியில் ஆயிரம் விதமாகக் கெடுத்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் குறைவாக அனுப்பி, பாதைகள் கூடக்கூட ஏற்றிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அந்த 2012 சரிவை விசாரித்தபோது தெரியவந்த ஒன்றை நான் எப்போதும் சொல்வேன். சில மாநிலங்கள் அனுமதித்த அளவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தன. குறைக்கச் சொல்லி வந்த உத்தரவுகளுக்குப் போதிய பலன் கிடைக்கவில்லை. பாதை போதுமா என்ற கேள்வியோடு, யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்ற கேள்வியும் சாத்தியக்கூறு ஆய்வில் வர வேண்டும்.

இதில் என்னை மிகவும் பாதித்தது 2006 நவம்பர் 4 இரவு ஐரோப்பாவில் நடந்தது. ஜெர்மனியின் எம்ஸ் ஆற்றில் ஒரு பெரிய பயணிகள் கப்பல் போக வேண்டும். ஆற்றைத் தாண்டிப் போகும் 380 கிலோவோல்ட் பாதையை அதற்காக நிறுத்தினார்கள். இது வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் நேரத்தை முன்கூட்டி மாற்றிய தகவல் அக்கம்பக்கத்தாருக்குத் தாமதமாகப் போனது. ஓட்டம் வேறு பாதைகளுக்குத் திரும்பியது. அவற்றில் ஒன்று, இரண்டு நிறுவனங்களின் எல்லையைக் கடக்கும் பாதை. அதன் ஒரு முனையில் பாதுகாப்பு வரம்பு ஓர் எண், மறுமுனையில் அதைவிடக் குறைந்த எண். அந்தக் குறைந்த எண் இந்த முனையில் இருந்தவர்களுக்குத் தெரியாது. இன்னும் இடம் இருக்கிறது என்று நினைத்தார்கள். ஓட்டத்தைக் குறைக்கலாம் என்று நம்பி ஒரு பிரேக்கரை மூட, ஓட்டம் கூடிவிட்டது. பாதை டிரிப் ஆனது, அதாவது தானாகத் துண்டித்துக்கொண்டது. அதைத் தொடர்ந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பாதைகள் போய், சில நொடிகளில் ஐரோப்பியக் கட்டமைப்பு மூன்று துண்டானது. மேற்கில் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ் வரை இறங்கியது. 1.5 கோடி வீடுகளுக்கு மேல் மின்சாரம் போனது.

அங்கே கம்பிக்கோ கோபுரத்துக்கோ எந்தக் குறையும் இல்லை. ஒரே கம்பியின் இரண்டு முனைகளில் இரண்டு எண்கள் இருந்தன.

சரி, நல்லபடியாகச் செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் 2025 பிப்ரவரி 8 அன்று ரஷ்ய, பெலாரஸ் கட்டமைப்பிலிருந்து பிரிந்தன. மறுநாள் போலந்து வழியாக ஐரோப்பியக் கட்டமைப்போடு சேர்ந்தன. நடுவே ஒரு நாள் தாங்களாகவே தனியாக ஓடிக் காட்டின. அதற்கென்று ஒவ்வொரு நாட்டிலும் மூன்று சின்க்ரனஸ் கண்டென்சர்களைப் பல ஆண்டுகள் முன்னிருந்தே திட்டமிட்டு நிறுவியிருந்தார்கள். மின்சாரம் தயாரிக்காமல் சும்மா சுற்றும் கனத்த இயந்திரங்கள் அவை. அதிர்வெண் சட்டென்று சரியாமல் தாங்கிப் பிடிக்கும்.

இப்போதும் யாராவது இணைப்புத் திட்ட அறிக்கையைக் கொண்டுவந்தால், செலவு எவ்வளவு, எந்த நிலத்தின் வழியாகக் கம்பி போகிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, பின்னிணைப்பைத்தான் முதலில் திறக்கிறேன். எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு பாதைக்கும் இரண்டு முனைகளின் ரிலே அளவுகளும், அதாவது எந்த வரம்பைத் தாண்டினால் பாதை துண்டிக்கப்படும் என்ற எண்களும், ஒரே அட்டவணையில், இரு தரப்புக் கையெழுத்தோடு இருக்கிறதா என்று தேடுவேன். இல்லையென்றால் முதல் அத்தியாயத்துக்குப் போவதில்லை.

நன்றி, வணக்கம்.