அகழிச் சேறு காத்த அடுக்களை

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

அகழி என்றதும் நம் மனத்தில் கோட்டை வரும். சின்ன வயதில் கேட்ட கதைகளில் இருந்து முதலையும் வரும். இன்று நான் பேசப்போகும் அகழிகளில் முதலை கிடையாது. பெரும்பாலானவற்றில் மதிலும் கிடையாது. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில், வயல்களுக்கு நடுவே, ஒரே ஒரு வீட்டைச் சுற்றி வெட்டியவை அவை. அந்த நாட்டில் இப்படி 5,000-க்கும் மேற்பட்ட இடங்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி 1250-க்கும் 1350-க்கும் இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் உருவானது.

அந்த வீட்டை மேனர் என்பார்கள். ஒரு பிரபுவுக்குச் சொந்தமான நிலம், அதில் உழைக்கும் குடியானவர்கள், நடுவே அவர் வீடு. பண்ணையார் வீடு என்று வைத்துக்கொண்டால் ஓரளவு புரிந்துவிடும். வீட்டின் மையம் ஒரு பெரிய கூடம். அங்கேதான் விருந்து, அங்கேதான் வழக்கு விசாரணை, அங்கேதான் வேலையாட்கள் படுத்துத் தூங்குவதும். கூடத்தின் ஒரு கோடியில் பிரபுவின் தனியறை இருக்கும். வசதியுள்ளவர் என்றால் சிறு தேவாலயமும் உண்டு. சமையற்கட்டைப் பெரும்பாலும் தள்ளியே கட்டினார்கள். தீப்பிடித்தால் அதோடு போகட்டும் என்ற எண்ணம்தான்.

சரி, இதைச் சுற்றி எதற்கு அகழி? திருடனையும் ஓநாயையும் தடுக்க, மீன் வளர்க்க, சதுப்பான களிமண் நிலத்தில் நீரை வடிக்க, தீயை அணைக்கத் தண்ணீர் வைத்திருக்க என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். எல்லாமே ஓரளவு உண்மைதான். ஆனால் ஒரு படை வந்தால் இந்த அகழி அரை நாள்கூடத் தாங்காது. பல இடங்களில் சில மீட்டர் அகலம்தான், ஒரு ஆள் ஆழம்தான். என் மனத்தில் முதலில் நிற்கும் காரணம் வேறு. அரசருக்கும் பெருந்தலைவர்களுக்கும் கோட்டை இருந்தது, அதற்கு அகழி இருந்தது. அவர்களுக்குக் கீழே இருந்தவர்களும் தங்கள் வீட்டுக்கு ஒரு பாலமும் தண்ணீரும் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். வாரிக்ஷயரில் ஆர்டன் என்ற காட்டுப் பகுதியில், காடு திருத்திச் சொந்த நிலம் சேர்த்த சாதாரண உழவர்கள்கூட அகழி வெட்டிக்கொண்டார்கள். மதில்மேல் கொத்தளப் பற்கள் வைத்துக் கட்டுவதற்கு அரசரிடம் அனுமதிப் பத்திரம் வாங்கும் வழக்கம் இருந்தது. அகழிக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. ஆள் கூலி கொடுத்தால் போதும்.

அந்தக் கூலியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமே. நடுவே பக்கத்துக்கு 50 மீட்டர் உள்ள சதுரத் திடல் இருக்கட்டும். சுற்றிலும் மேலே 8 மீட்டர், அடியில் 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். ஏறக்குறைய 2,000 கன மீட்டர் மண் வருகிறது. ஈரக் களிமண்ணை ஒரு ஆள் நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வெட்டி மேலே ஏற்றுவார் என்று கொண்டால், 20 பேருக்கு 50 நாள் வேலை. வெட்டிய மண்ணை எல்லாம் உள்ளேயே கொட்டிப் பரப்பினால் திடல் 80 சென்டிமீட்டர் உயரும். வீடு மேடாகும், தூரத்தில் இருந்தே தெரியும். அப்புறம், அந்த மண்ணுக்கு அடியில் பழைய தரை அப்படியே மூடப்பட்டுவிடும். அகழி வெட்டுவதற்கு முன் அங்கே உழுதார்களா, மேய்த்தார்களா, காடா என்பதை அந்தத் தரையில் தங்கியிருக்கும் மகரந்தத் துகள்களைப் பார்த்தே இன்று சொல்ல முடிகிறது.

அகழ் என்ற வேரில் இருந்துதான் நமக்கு அகழியும் வந்தது, அகழாய்வும் வந்தது. இந்த இடங்களில் அந்த இரண்டு சொல்லும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஒருமுறை வெட்டிய பள்ளத்தையே 700 ஆண்டு கழித்து மறுபடி வெட்டுகிறோம்.

அப்படி வெட்டும்போது உண்மையான செல்வம் திடலின் மேல் கிடைப்பதில்லை. அங்கே கல்லை ஊர்க்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போயிருப்பார்கள். மரம் மக்கியிருக்கும். செல்வம் பள்ளத்தின் அடியில், கறுத்த சேற்றில் இருக்கிறது. எப்போதும் நீர் நிற்கும் சேற்றுக்குள் காற்று போகாது. காற்று இல்லாமல் மரத்தையும் தோலையும் அரிக்கும் நுண்ணுயிர்கள் அவ்வளவாக வேலை செய்யாது. அதனால் கடைந்த மரக் கிண்ணம் வரும், தேய்ந்த செருப்பின் தோல் அடிப்பகுதி வரும், பிளம் கொட்டை, செர்ரிக் கொட்டை, வண்டுகளின் சிறகு ஓடு எல்லாம் வரும். வண்டு சிறிதுதான், ஆனால் எந்த வகை வண்டு என்று தெரிந்தால் பக்கத்தில் தானியக் குதிர் இருந்ததா, சாணக் குவியல் இருந்ததா என்று தெரிந்துவிடும். கழிவறைகளும் பெரும்பாலும் அகழியில்தான் விழும். அந்தச் சேற்றில் குடற்புழுக்களின் முட்டைகூடக் கிடைக்கும். விருந்துக் கூடத்தில் பட்டுடுத்தி அமர்ந்தவர் வயிற்றுவலியோடு அமர்ந்திருந்தார் என்பதை எந்தப் பத்திரமும் எழுதி வைக்கவில்லை, அகழி வைத்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அகழியை அவ்வப்போது தூர்வாருவார்கள். நம் ஊரில் குளம் தூர்வாருவதைப் போலத்தான். ஒவ்வொரு முறையும் முந்தைய தலைமுறையின் குப்பை போய்விடும். ஆகவே நமக்குக் கிடைக்கும் சேறு பெரும்பாலும் அந்த வீட்டின் கடைசிக் காலத்தைத்தான் சொல்கிறது. பாலத்தின் அடிமரங்கள் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கின்றன. ஓக் மரத்தின் ஆண்டு வளையங்களின் அகலத்தை, ஆண்டு தெரிந்த மரங்களின் வளைய வரிசையோடு ஒப்பிட்டு, பட்டையும் ஒட்டியிருந்தால், எந்த ஆண்டில் மரம் வெட்டப்பட்டது என்றே சொல்லிவிடலாம்.

இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன். முதலாவது கார்ன்வாலில் உள்ள பென்ஹாலம். கார்டினம் என்ற குடும்பம் சுமார் 1180 முதல் 1300 வரை சிறிது சிறிதாகக் கட்டிய வீடு. முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டடம், வெளியே அகழி, தூக்குப் பாலம். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் கைவிட்டுவிட்டார்கள். பிறகு யாரும் அங்கே இடித்துக் கட்டவில்லை. 1968 முதல் 1973 வரை பெரஸ்ஃபோர்ட் என்ற ஆய்வாளர் அகழ்ந்தபோது, கூடம் எது, தேவாலயம் எது, அடுப்பங்கரை எது என்று ஒரு வரைபடத்தைப் போல அடித்தளம் முழுவதும் வெளிப்பட்டது.

இரண்டாவது இடம்தான் எனக்கு நெருக்கம். பிர்மிங்காம் நகருக்குள், குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள வீலி காசில். பெயரில் கோட்டை இருந்தாலும் அது அகழி சூழ்ந்த மேனர்தான். 1264-இல் ரோஜர் டி சொமெரி அரசரிடம் அனுமதி பெற்று அதை அரண் செய்துகொண்டார். 1424-இல் எழுதிய ஓர் ஆவணம் அங்கிருந்த கட்டடங்களை வரிசையாகச் சொல்கிறது. நான் அங்கே போன நாளில் மழை தூறிக்கொண்டிருந்தது. கல் சுவர்களின் அடிப்பகுதி, புல், தண்ணீர் வற்றிய பள்ளம், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் புல்லுக்கு அடியில், 1960-61-இல் ஏட்ரியன் ஆஸ்வால்ட் தோண்டியபோது, கல் கட்டடங்களுக்கு முந்தைய 13-ஆம் நூற்றாண்டு மரக் கட்டடம் ஒன்று ஈர மண்ணுக்குள் இருந்து வந்தது. பலகைச் சுவர்களின் அடிப்பகுதி இருந்த இடத்திலேயே நின்றது. அது சமையற்கட்டு என்கிறார்கள். தரையில் பரப்பிய வைக்கோல்கூட மிஞ்சியிருந்தது. பிரபுவின் கூடம் எப்படி இருந்தது என்று நாம் ஊகிக்கத்தான் வேண்டும். சமையல்காரர் நின்ற இடத்தையோ நேரில் பார்க்கிறோம். அந்த மழையில் நான் நீண்ட நேரம் அங்கேயே நின்றேன்.

ஈர மரத்தை வெளியே எடுத்து அப்படியே விட்டால் சில நாட்களில் சுருங்கி வெடித்துவிடும். மரத்தின் உட்பொருள் கரைந்து, தண்ணீர்தான் அதன் உருவத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். எனவே தோண்டும்போதே தெளித்து நனைத்து, பிறகு தொட்டியில் ஊறவைத்து, நீர் இருந்த இடத்தில் மெழுகு போன்ற பொருளை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் ஆகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எந்திரக் கலப்பையும் ஆழமான வடிகாலும் வந்தன. பல அகழிகளை மண்ணடித்து மூடி வயலாக்கினார்கள். நிலத்தடி நீர் இறங்கிய இடங்களில், தோண்டாமலே சேறு காய்ந்து, உள்ளே இருப்பவை மக்கத் தொடங்கிவிட்டன. 1970-களின் தொடக்கத்தில் அகழி இடங்களுக்கென்றே ஓர் ஆய்வுக் குழு அங்கே தோன்றியதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். மூடிய அகழியும் முற்றாக மறைவதில்லை. மழை பொய்த்த கோடையில் சுற்றுப் பயிர் வாடும்போது, பள்ளத்தில் நிறைந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால், அந்தக் கோட்டில் மட்டும் பார்லி பச்சையாக, ஒரு சாண் உயரமாக நிற்கும். விமானத்தில் இருந்து பார்த்தால் மஞ்சள் வயலுக்குள் ஒரு பச்சைச் சதுரம். ஒரு பக்கத்தில் மட்டும் சிறிய இடைவெளி. வீட்டுக்குப் போகும் வழிக்காக மண்ணை வெட்டாமல் விட்ட இடம் அது.

நன்றி, வணக்கம்.