மழை கேட்டால் நடுங்கும் உடம்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டது. நீலகிரியில் ஐப்பசி என்றால் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் பெய்த மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. மண்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே சாலையும் மலை ரயில் பாதையும் அறுந்து கிடந்தன. அன்று தப்பியவர்களில் சிலருக்குத் தகரக் கூரையில் இரவு மழை விழத் தொடங்கினால் இன்றும் தூக்கம் வருவதில்லை. எழுந்து உட்கார்ந்து, படுத்திருப்பவர்களை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்க்கிறார்கள். பகலில் கேட்டால், "இப்போது என்ன சார் பயம், அதெல்லாம் பழைய கதை" என்று சிரிக்கிறார்கள். அப்படிச் சொல்வதும் பொய்யில்லை. இரவில் உடம்பு நடுங்குவதும் பொய்யில்லை. ஒரே ஆளுக்குள் இவை இரண்டும் எப்படி இருக்க முடியும்? இந்தக் கேள்வியோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டிய ஜோசப் லெடூ என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

லெடூ 1949இல் லூசியானா மாநிலத்தில் யூனிஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். வீட்டுத் தொழில் இறைச்சிக்கடை. சுட்டு வீழ்த்திய மாட்டின் மூளைக்குள் விரலை விட்டுத் துப்பாக்கிக் குண்டைத் தேடி எடுப்பது பையனின் வேலை. இருந்தும் கல்லூரியில் அவர் படித்தது வணிகமும் சந்தைப்படுத்தலும். அதை முடித்த பிறகுதான் மூளை ஆராய்ச்சிப் பக்கம் திரும்பினார். நம் வீட்டில் பி.காம். முடித்த பிள்ளை இப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முனைவர் பட்டத்துக்கு மைக்கேல் கஸானிகாவிடம் சேர்ந்தார். வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கட்டு வெட்டப்பட்டவர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அப்படி ஓர் இளைஞனின் வலப்பாதி மூளைக்குப் பனி மூடிய வீட்டின் படத்தையும், பேசத் தெரிந்த இடப்பாதிக்குக் கோழிக்காலின் படத்தையும் காட்டினார்கள். பிறகு, பொருத்தமான படங்களைக் கையால் சுட்டச் சொன்னார்கள். இடப்பாதி ஆளும் வலக்கை கோழியைச் சுட்டியது. வலப்பாதி ஆளும் இடக்கை பனி வாரும் மண்வெட்டியைச் சுட்டியது. மண்வெட்டி எதற்கு என்று கேட்டதும் இளைஞன் சற்றும் தயங்காமல், கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய மண்வெட்டி வேண்டுமே என்றான். பனி வீட்டைப் பற்றி அவனுடைய பேசும் பாதிக்கு எதுவும் தெரியாது. கை ஏற்கெனவே செய்துவிட்ட செயலுக்கு வாய் ஒரு காரணத்தைக் கட்டிச் சொன்னது, அதை அவன் மனமார நம்பவும் செய்தான். லெடூவின் பிற்காலச் சிந்தனை முழுவதற்கும் விதை இங்கேதான் விழுந்தது என்பது என் கணிப்பு.

பட்டம் பெற்ற பிறகு எலிகளுக்கு வந்தார். சோதனை எளிது. ஓர் ஒலியைக் கேட்கச் செய்து, உடனே காலடியில் லேசான மின்னதிர்ச்சி கொடுப்பது. ஓரிரு முறைக்குப் பின் ஒலி மட்டும் கேட்டாலே எலி உறைந்து நிற்கும்; இரத்த அழுத்தம் ஏறும். தேயிலைக் காட்டில் திடீரென்று காட்டெருமையைக் கண்டவர்களுக்கு இந்த உறைந்து நிற்றலை நான் விளக்க வேண்டியதில்லை. ஒலி மூளைக்குள் எந்த வழியாகப் போய் உடம்பை இப்படி ஆட்டிவைக்கிறது என்று அவர் தேடினார். ஒலியை முழுமையாக அறியும், மூளையின் மேலடுக்கான மேற்புறணிப் பகுதியை நீக்கினாலும் எலி அஞ்சக் கற்றது. அதற்குக் கீழே இருக்கும் தலாமஸ் என்ற இடைநிலையத்தைச் சிதைத்தால் கற்கவில்லை. தலாமஸிலிருந்து அமிக்டலா என்ற வாதுமைக்கொட்டை வடிவப் பகுதிக்கு நேராக ஒரு நரம்பு வழி போவது தெரிந்தது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி வரும் தார்ச்சாலை ஒன்று. தோட்டத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குறுக்குப்பாதை இன்னொன்று. குறுக்குப்பாதையில் வரும் செய்தி அரைகுறையானது, ஆனால் முந்தி வந்துவிடுகிறது. எலியில் அதற்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் 12 பங்கு நேரம் போதும். "இது வெறும் தூறல்தான்" என்று சாலை வழியாகச் செய்தி வந்து சேரும்போது இதயம் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருக்கும்.

கற்ற அச்சத்தை அழிக்க முடியுமா? மின்னதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால் எலி மெல்ல அமைதியாகும். அழிந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் அமைதியான எலியை வேறு கூண்டுக்கு மாற்றி அதே ஒலியைக் கேட்கச் செய்தால் மறுபடி உறைகிறது. பழைய நினைவு அங்கேயே இருக்கிறது; அதன்மேல் "இந்த இடத்தில், இப்போது, ஆபத்தில்லை" என்று புதிய நினைவு ஒன்று படிந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் புதிய நினைவைத் தாங்குவதில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதிக்குப் பங்கு உண்டு என்பதை 1993இல் லெடூவின் ஆய்வுக்கூடத்திலேயே காட்டினார்கள்.

நம் மலைவாசிகளுக்கு இந்த முடிவு மிகவும் முக்கியம். கோயம்புத்தூருக்குப் போய், கதவடைத்த அறையில் உட்கார்ந்து பேசி, மனம் தெளிந்து திரும்புகிறார் ஒருவர். லயன் வீட்டுக்கு வந்து, முதல் மழை விழுந்ததும் பழையபடி நடுங்குகிறார். சிகிச்சை வீண் என்கிறது வீடு. "இவருக்கு மனத்திடம் போதாது" என்கிறது ஊர். இரண்டும் தவறு. அவர் கற்றது உண்மைதான். கற்ற இடம் வேறு. அதனால்தான் சொல்கிறேன்: துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, முதலில் பகலில், அதே சரிவில், அதே கூரையின் கீழ், சிறு மழையிலிருந்து தொடங்கிப் பழக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பழகினால் போதாது, பல இடங்களில் பழக வேண்டும். மேலே மண் உண்மையாகவே சரியும் நிலையில் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். அங்கே அச்சம் சரியாகத்தான் வேலை செய்கிறது, இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

பயந்த பிள்ளைக்கு விபூதி போட்டு மந்திரிப்பதை நான் கேலி செய்வதில்லை. பாட்டியின் மடியில், தெரிந்த குரல் காதில் விழ அரை மணி நேரம் கிடப்பதற்குப் பலன் உண்டு. "மறந்துவிடு" என்று அதட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

நடுக்கம் ஏன் இத்தனை நாள் நீடிக்கிறது என்பதற்குப் பக்கத்து ஊரிலிருந்தே ஒரு விடை வந்தது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியும் அவருடைய மாணவர்களும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எலிகளை நாள்தோறும் 2 மணி நேரம் அசையவிடாமல் வைத்து, 10 நாள் துன்புறுத்தினார்கள். நிகழ்ச்சிகளை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவிலோ கிளைகள் வளர்ந்தன. 2004இல் வெளியான அடுத்த ஆய்வில், துன்புறுத்திய பின் 21 நாள் நிம்மதியாக விட்டுப் பார்த்தபோது ஹிப்போகாம்பஸ் தேறிவிட்டது, அமிக்டலா தேறவில்லை. ஊரில் நிவாரண முகாமை மூடியபின் "எல்லாம் சரியாகிவிட்டது" என்று அறிவிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எலிகள் நினைவுக்கு வரும்.

2000இல் லெடூவின் கூடத்திலிருந்து அடுத்த அதிர்ச்சி வந்தது. கரீம் நாடர் என்ற இளம் ஆய்வாளர், பழைய அச்ச நினைவை எலிக்கு ஒருமுறை தூண்டிவிட்டு, உடனே அமிக்டலாவில் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார். மறுநாள் எலி ஒலியைக் கேட்டு அவ்வளவாக அஞ்சவில்லை. நினைவைத் திறந்தால், அதை மீண்டும் எழுதித்தான் மூட வேண்டியிருக்கிறது என்று இதற்குப் பொருள் கொண்டார்கள். இது நடக்காது, நேரத்தை வீணாக்காதே என்று லெடூ முதலில் தடுத்தார் என்பது நாடர் சொன்ன தகவல்.

அறுபது வயதைத் தாண்டியபின் லெடூ தம் பெயருக்குப் பின்னால் வந்த கூட்டத்தையே மறுத்துப் பேசத் தொடங்கினார். அமிக்டலாவை "அச்சத்தின் மையம்" என்று உலகம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்றும் "அமிக்டலாவை அடக்குங்கள்" என்று கைப்பேசியில் உபதேசிப்பவர்கள் உண்டு. லெடூ சொன்னது வேறு: அமிக்டலா ஆபத்தை மோப்பம் பிடித்து உடம்பைத் தயார்ப்படுத்துகிறது, "நான் பயப்படுகிறேன்" என்ற உணர்வு, நினைவும் அறிவும் மொழியும் சேர்ந்து மூளையின் மேற்புறணியில் உருவாவது. எஸ்.எம். என்று அழைக்கப்படும் ஒரு பெண்ணுக்கு இரு பக்கமும் அமிக்டலா சிதைந்துவிட்டது. பாம்பைக் கண்டு அஞ்சாதவர். ஆனால் 2013இல் வெளியான ஆய்வில் கரியமிலவாயு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தபோது அவரும் பெரும் பீதியடைந்தார்; அமிக்டலா இல்லாமலே பயத்தை உணர முடிந்தது. எல்லோரும் லெடூவின் கருத்தை ஏற்கவில்லை. வாதம் இன்னும் நடக்கிறது. மண்வெட்டிக்குக் காரணம் சொன்ன அந்த இளைஞனை நேரில் பார்த்தவர் வேறு எந்த முடிவுக்கு வந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாடரின் சோதனையை மனிதர்களிடம் முயன்றவர்கள் ப்ராப்ரனலால் என்ற இரத்த அழுத்த மாத்திரையைப் பயன்படுத்தினார்கள். 2009இல் நெதர்லாந்தில் நல்ல பலன் வந்தது. பின்னர் வேறு சிலர் செய்தபோது அதே பலன் வரவில்லை. கடையில் கேட்டு நீங்களாக வாங்கிவிடாதீர்கள், குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்கள். அந்த மாத்திரை மூச்சுக்குழலைச் சுருக்கும். மலைக்குளிரில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். தூக்கம் கெடுகிறது, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், அல்லது 14416 என்ற மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். வணக்கம்.