சுக்கானை விடாத இருவர்

அவையோருக்கு வணக்கம்.

கடல் சாகசக் கதை படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பகல்கனவு உண்டு. கப்பல் மூழ்கும், எல்லோரும் அலறுவார்கள், நாம் மட்டும் கலங்காமல் நின்று அத்தனை பேரையும் கரை சேர்ப்போம். ஜோசப் கான்ராட் எழுதி 1900இல் வெளிவந்த 'லார்ட் ஜிம்' நாவலின் நாயகனுக்கும் அதே கனவுதான். பாதிரியார் வீட்டுப் பிள்ளை ஜிம். விடுமுறையில் படித்த அந்த மாதிரிக் கதைகள்தாம் அவனைக் கடலுக்கே அனுப்பிவைக்கின்றன.

அப்புறம் அந்த நேரம் நிஜமாகவே வருகிறது. 'பாட்னா' என்ற பழைய நீராவிக் கப்பல். 800 ஹஜ் பயணிகள் பாய் விரித்துத் தூங்குகிறார்கள். கடலில் எதிலோ இடித்து அடியில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. துருப்பிடித்த ஓர் இரும்புத் தடுப்புதான் மிச்ச உயிர். இருப்பதோ ஏழு படகுகள். கேப்டனும் கூட்டாளிகளும் ஒருவரையும் எழுப்பாமல் படகை இறக்குகிறார்கள். ஜிம்மும் குதித்துவிடுகிறான். கப்பல் மூழ்கவே இல்லை.

இது வெறும் கற்பனையும் இல்லை. 1880இல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய 'ஜெத்தா' கப்பலை, 900க்கும் மேற்பட்ட பயணிகளோடு நடுக்கடலில் விட்டுவிட்டு அதன் கேப்டனும் அதிகாரிகளும் தப்பினார்கள். ஏடனில் இறங்கி, கப்பல் போய்விட்டது என்றார்கள். பின்னாலேயே இன்னொரு கப்பல் அதை இழுத்துக்கொண்டு ஏடனுக்கே வந்தது, பயணிகளோடு.

நாவலில் கேப்டன் ஓடி ஒளிகிறான். ஜிம் ஓடவில்லை, விசாரணைக்கு நின்று பதில் சொல்கிறான். அதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும். பிறகு துறைமுகம் துறைமுகமாக அலைந்து, கடைசியில் உயிரையே கொடுத்துத் தன் மானத்தை மீட்கப் பார்க்கிறான். 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்று படித்த நமக்கு இந்தத் தவிப்பு புரியாமல் போகாது. ஆனால் யார் முன்னால் போன மானம் அது? கதை சொல்லும் மார்லோ அவனைத் திரும்பத் திரும்ப 'நம்மில் ஒருவன்' என்கிறார். அந்த 'நம்மில்' பாயில் படுத்திருந்த 800 பேர் இல்லை. அவர்களுக்கு நாவலில் குரல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. காலனியக் காலத்துச் சாகசக் கதைகள் பலவற்றில் மானம் என்பது வெள்ளைக்காரக் கனவான்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கணக்காகவே இருந்தது.

கான்ராட் அதைப் பார்த்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அந்த விசாரணையில் இரண்டு மலாய்க்காரர்களையும் சாட்சிக்கு அழைக்கிறார். அன்றிரவு சுக்கான் பிடித்தவர்கள், அதை விடாமலே நின்றவர்கள். அப்போது என்ன நினைத்தாய் என்று இளையவனைக் கேட்கிறார்கள். ஒன்றும் நினைக்கவில்லை என்கிறான். அடுத்தவர் கிழவர். நரைத்த தலையில், துவைத்துத் துவைத்து வெளிறிய நீலக் கைக்குட்டை. கப்பலுக்கு ஏதோ கேடு என்று தெரிந்தது, ஆனால் உத்தரவு எதுவும் வரவில்லையே, சுக்கானை நான் ஏன் விட வேண்டும் என்கிறார். வெள்ளைக்காரர்கள் உயிருக்குப் பயந்து போனார்கள் என்று இப்போதும் அவர் நம்பவில்லை. ஏதாவது ரகசியக் காரணம் இருந்திருக்கும் என்கிறார். எத்தனை வருஷம் அவர்களோடு கடலில் உழைத்தவர் தெரியுமா என்று சொல்ல வந்து, செத்துப்போன கேப்டன்களின் பெயர்களையும் மறந்துபோன கப்பல்களின் பெயர்களையும் படபடவென்று அடுக்குகிறார்.

ஒருவழியாக அவரை நிறுத்துகிறார்கள். ஒரு நிமிடம் மன்றத்தில் யாரும் பேசவில்லை.