உம் என்றும் ஸ்ஸ் என்றும்

(சேலம் அம்மாப்பேட்டையில் மைக் செட் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய அரங்கில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஸ்பீக்கர் ‘உம்’ என்று தொடங்கிவிட்டது. தம்பி, அதைத் தொடாதே, அப்படியே இருக்கட்டும். இன்றைக்கு எனக்கு உதாரணமே அதுதான்.

செட்டில் இரைச்சல் வந்தால் நம் ஆட்கள் முதலில் சால்டரிங் அயர்னைத்தான் சூடு பண்ணுவார்கள். நானும் பண்ணியவன்தான். ஓர் ஆடித் திருவிழாவில் விடிய விடிய ஐசி சில்லு மாற்றினேன், கண்டென்சர் மாற்றினேன். கோளாறு ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே இல்லை. இரைச்சல் எந்த வாசலில் நுழைகிறது என்று நான் கேட்கவே இல்லை.

வால்யூமை முழுக்கக் குறையுங்கள். உம் அப்படியே இருந்தால் அது வால்யூமுக்குப் பின்னால் நுழைகிறது. பெரும்பாலும் பவர் சப்ளை. குறைந்தால் வால்யூமுக்கு முன்னால் நுழைகிறது. பிறகு வால்யூமை ஏற்றி, இன்புட்டின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஷார்ட் செய்யுங்கள். அடங்கினால் வெளி ஒயரில் வந்தது. சங்கீதக் காது உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் ஃபுல் வேவ் ரெக்டிஃபயர் தருவது 100, சரியாக ஒரு ஸ்தாயி மேலே. 100 கேட்டால் அந்த டிசியைச் சமப்படுத்தும் ஃபில்டர் கண்டென்சரைப் பாருங்கள். 50 என்றால் எர்த், இல்லை பக்கத்து டிரான்ஸ்பார்மர்.

இங்கே கேட்பது 50. மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சருக்கு மேடையில் ஒரு பிளக், ஆம்ப்ளிஃபயருக்கு வாசல் பக்கம் ஒரு பிளக். இரண்டிலும் எர்த். நடுவில் ஓடும், செம்புப் பின்னல் உறை போட்ட ஷீல்டு ஒயர் இரண்டு எர்த்தையும் கட்டிப்போட்டு ஒரு வளையம் ஆக்கிவிட்டது. அதில் ஓடும் கரண்ட் ஷீல்டில் உண்டாக்கும் சிறு வோல்டேஜும் சிக்னலோடு சேர்ந்து பெருகி உம் ஆகிறது! தம்பி, இப்போது இரண்டையும் ஒரே பலகையில் சொருகு.

(சற்று இடைவெளி. கைதட்டல்.)

இதற்காக மெயின்ஸ் பிளக்கில் எர்த் பின்னை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உம் போகும், ஈரத் தரையில் மைக் பிடித்தவரின் உயிரும் போகலாம். செய்யாதீர்கள்.

ஒயரைப் பற்றித் தறி ஓடும் இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, முறுக்கு நூலைப் போல இரண்டு கம்பிகளையும் முறுக்குங்கள். டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்தைச் செம்புப் பின்னல் தடுக்காது. முறுக்கினால் ஒரு புரியில் ஏறியது அடுத்த புரியில் கழிந்துவிடும்.

உம் போனபின் மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்கிறதா? அது வெளியிலிருந்து வரவில்லை. ரெசிஸ்டருக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் துள்ளுகிற சத்தம். பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் அளந்தார், நைக்விஸ்ட் கணக்குச் சொன்னார். இரண்டும் 1928இல் அச்சாயின. மைக் வரும் பாதையில் 1 மெகா ஓம் தொடராக இருந்தால், 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு சுமார் 18 மைக்ரோவோல்ட் இரைச்சல். 10 கிலோ ஓம் போட்டால் 1.8தான்.

வெப்பம்தானே காரணம், செட்டை ஏற்காட்டுக்கு ஏற்றிவிடலாமா என்று மாணவர் ஒருவர் முன்பு கேட்டார். நல்ல கேள்வி. சேலத்தில் 40 டிகிரி, மேலே 20 டிகிரி என்று வையுங்கள். கணக்கு கெல்வினில், அதாவது 273 கூட்டி, 313க்கும் 293க்கும்; அதிலும் இரைச்சல் கூடுவது வெப்பநிலையின் வர்க்கமூலத்தில்தான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினால் குறைவது சுமார் 3 சதவீதம்! காபி குடிக்கப் போங்கள், இதற்காக வேண்டாம்.

காசு செலவழிக்க வேண்டிய இடம், மைக் சிக்னல் முதன்முதலில் பெருகும் முதல் கட்டம். தறி ஓடும் கூடத்தில் காதருகே வந்து பேசுகிறோம். வாசலில் நின்று முணுமுணுத்துவிட்டு, தறிச் சத்தத்தோடு சேர்த்து அதைப் பெருக்கினால் என்ன புரியும்? முதல் கட்டம் 100 மடங்கு பெருக்கட்டும், அதன் இரைச்சல் 1 மைக்ரோவோல்ட் இருக்கட்டும். அடுத்த கட்டத்தின் இரைச்சல் 10 மைக்ரோவோல்ட் ஆனாலும், இன்புட் கணக்கில், 100ஆல் வகுத்தால், அது 0.1தான். இரைச்சல்களை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்; மொத்தம் 1.1 இல்லை, 1.005. கடைசி ஐசிக்கு விலை கொடுத்துவிட்டு முதல் ஐசியில் மிச்சம் பிடிக்கிறவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள்.

மைக்கைக் கீழே தருகிறேன், கேள்வி கேட்கிறவர்கள் வாயருகே பிடித்துக் கேளுங்கள்.