கறிவேப்பிலையில் ஒரு பங்கு

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுத் தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சி வரவேண்டுமென்றால் என்ன பூச்செடி வைக்கலாம் என்று கேட்கிறவர்கள் உண்டு. பூவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இலையைப் பாருங்கள். பூவுக்குத் தேன் குடிக்க வரும், போய்விடும். இங்கேயே முட்டையிட்டுப் பெருகுவதற்குப் புழு தின்கிற இலை வேண்டும்.

செட்டிநாட்டுச் சமையலில் கறிவேப்பிலை இல்லாத நாள் ஏது? கொல்லையில் அந்த மரம் இருந்தால் இளந்தளிரைக் கவனியுங்கள். காக்கை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருக்கும். அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம்புழு. கொத்த வரும் குருவியை ஏமாற்றத்தான் அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். விரலால் லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டும், ஒரு நெடியும் வரும். பயப்பட வேண்டாம், ஒன்றும் செய்யாது. நாலு கொத்து தின்றால் தின்னட்டுமே, ரசத்துக்கு மிச்சமிருக்கும். சின்னக் கன்றானால் மட்டும் புழுவை எடுத்து எலுமிச்சை மரத்தில் விட்டுவிடுங்கள். மருந்தடிக்காதீர்கள். அந்த இலை நம் குழம்புக்கும் வருகிறது. தையல்சிட்டு தன் குஞ்சுக்கு ஊட்டுவதும் இந்த மாதிரிப் புழுக்களைத்தான்.

எருக்கு இருந்தால் வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சி முட்டையிடும். கொன்றைக்கு மஞ்சள் பட்டாம்பூச்சிகள் வரும். இவற்றுக்கு நர்சரியில் காசு கொடுக்கவே வேண்டாம், நம் செம்மண்ணில் தானாக முளைக்கிறவை.

பழைய வீடுகளில் சுவர் இடுக்கிலிருந்து சின்ன மெழுகுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொசுத்தேனீயின் வாசல் அது. கொட்டாது. தோட்டத்துப் பூக்கள் காயாக உதவுகிற கூட்டம். வெள்ளையடிக்கும்போது சிமெண்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

சிமெண்ட் என்றதும் இன்னொன்று. விசேஷத்துக்குப் பந்தல் போட வசதி என்று கொல்லை முழுவதும் தளம் போட்டுவிடுகிறோம். ஓட்டுத் தண்ணீரை முற்றத்தில் பிடித்து வைத்த ஊரில், மழை இறங்க ஒரு முழ மண் இல்லை. மண்புழுவும் தவளையும் எங்கே போகும்?

மண்ணை மண்ணாக விட்டால் சருகு சேரும், சருகு கிடந்தால் பாம்பு வருமே என்பீர்கள். நியாயம்தான். அதனால் நிலைவாசல், நடைபாதைப் பக்கம் கூட்டிச் சுத்தமாக வையுங்கள். சருகைக் கொல்லைக் கடைசியில் ஒதுக்குங்கள். பக்கத்தில் ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வைத்து, கொசு சேராமல் தினமும் மாற்றுங்கள்.

வெளியூரில் இருப்பவர்கள், திருவிழாவுக்கு வருமுன் எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் பண்ணச் சொல்லி வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் செய்கிறோம். இந்த முறை, "அண்ணே, கிணற்றோரம் மட்டும் அப்படியே விட்டுவைங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.